விரல் ஓர் ஊடகமா?

பிரதாப்புக்கு அறிக்கை அழகாக எழுத வரும். அவனுக்கு நேர்ந்த எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அதுதான்.

இரத்தினபுரியில் ஓர் இரத்தினக்கல் கடைக்கு மேல்மாடியில் பெருந்தோட்டத் தகவல் ஒளி அதிகாரசபை என்று ஒன்று இயங்கி வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவு ஊட்டுவது அதன் நோக்கம். தலைவர் இருந்தார், சட்ட அலுவலர் இருந்தார், இரண்டு வேன்கள் இருந்தன, அந்த வேன்களைக் கண்காணிக்க ஒரு குழுவும் இருந்தது. கணினி தெரிந்தவன் என்று ஒரே ஒருவன் இருந்தான். அவன் பிரதாப். அவனுடைய நியமனம் மட்டும் தற்காலிகம்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் ஒருநாள், ஹுனுகல தோட்டத்துக் கீழ்ப்பிரிவிலிருந்து ஜீவராணி டெலிபோன் எடுத்தாள். கஹவத்தையில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போக வேண்டிய ரப்பர் தோட்டம் அது. அங்கே, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பழைய பிள்ளைக் காம்பராவில் அதிகாரசபை ஒரு கணினியை வைத்து, இணையத்துக்காகக் கூரையில் செய்மதிச் சட்டி ஒன்றைப் பூட்டி, ஜீவராணியைப் பொறுப்பாளராக நியமித்துவிட்டு வந்துவிட்டது.

"சேர், பொட்டி ரொம்ப இழுக்குதுங்க. வைரஸ் விழுந்துருச்சு போல. யாராச்சும் ஒரு தடவ வந்து தொடச்சுக் குடுத்தா போதும். மூணு வாரத்துல ஒரு வெள்ளிக்கெழம வருது பாருங்க, இருளாயி அக்காவுக்குப் பொட்டி அன்னிக்கு வேணும்" என்றாள்.

இருளாயி அக்காவின் கதை இது. அவள் அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டுகிறவள். மகள் புஷ்பம் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எஜமானி தாய்வீட்டுக்குப் போகும்போது, புஷ்பம் பக்கத்து நெட் கடைக்கு ஓடிவருவாள். இங்கே இருளாயி கெமராவுக்கு முன்னால் உட்காருவாள். தாயும் மகளும் முகம் பார்த்துக்கொள்வார்கள். நடுவில் இருளாயி மழையில், தண்ணீர் ஓட வெட்டிய கானுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்து, கட்டு அவிழ்த்து, இப்போது மலை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் சேதி குவைத்துக்குப் போன வழியில் நன்றாக வளர்ந்துவிட்டது. கால் முறிந்தது என்று இங்கே புறப்பட்டது, காலை எடுத்துவிட்டார்கள் என்று அங்கே போய்ச் சேர்ந்தது.

டெலிபோனில் எவ்வளவு சொல்லியும் புஷ்பம் நம்பவில்லை. "நீ நிக்கிறத நான் கண்ணால பாக்கணும். இல்லாட்டி அக்ரிமென்ட முறிச்சுக்கிட்டு வந்துருவேன்" என்று அழுதாள். ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. நடுவில் வந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது, விமானச் செலவும் அவள் தலையில்தான் விழும். ஆகவே நடக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வெள்ளிக்கிழமை இருளாயி தன் இரண்டு காலில் நிற்பதை மகள் பார்க்க வேண்டும்.

பிரதாப் மறுநாளே பஸ் ஏறியிருக்கலாம். சட்டைப் பையில் ஒரு சீடியைப் போட்டுக்கொண்டு போய், வைரஸைத் துடைத்து, ஜீவராணி வீட்டில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் பொழுது சாயுமுன் திரும்பியிருக்கலாம். ஆனால் அவன் அந்த வாரம்தான் இணையத்தில் ஒரு பக்கம் படித்திருந்தான். எங்கோ தூரத்தில் கிடக்கும் கணினிக்குள் வலைவழியாக நுழைந்து, இரண்டு சின்னக் கோப்புகளை வைத்துவிட்டு, அதை அணைத்து எழுப்பினால், அது பழைய ஆளாக எழும்பாமல் வைரஸ் அண்டாத லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தை நிறுவும் ஆளாக எழும்பும். எழும்பி, தூரத்திலிருக்கும் உன்னைத் தேடிக் கதவைத் திறக்கும். சீடி வேண்டாம், பஸ் வேண்டாம். இதைப் படித்த நாளிலிருந்து பிரதாப்புக்குச் சோறு இறங்கவில்லை.

உட்கார்ந்து ஒரு முன்மொழிவு எழுதினான். "பௌதிக ஊடகம் எதுவுமின்றி, மனிதக் கை படாது, தொலைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுதல்." இதில் 'மனிதக் கை படாது' என்பதற்கு எந்தத் தேவையும் இல்லை. வரி கொஞ்சம் குட்டையாகத் தெரிந்ததால் சேர்த்தான். நிரந்தர நியமனம் கிடைப்பதற்கு அப்படி ஒரு வரி உதவும் என்றும் நினைத்தான். இருளாயியின் பெயரை எழுதவில்லை. தொழில்நுட்ப அறிக்கையில் அதெல்லாம் எடுபடாது என்பது அவனுடைய அபிப்பிராயம்.

தலைவர் ராஜதுரை பஜாரில் புடவைக் கடை வைத்திருந்த குடும்பத்து ஆள். கணினியை அவர் மேசையில் வைத்திருந்தார், அதன்மேல் அவருடைய தொப்பி இருக்கும். முன்மொழிவைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டார். அன்றைய கூட்டத்தில் அவர் பேசியது கூட்டக் குறிப்பிலும் ஏறியது.

"நாங்க இந்த அதிகாரசபைய ஆரம்பிச்ச நாள்லேருந்து எதையும் தொட்டதில்ல. அத ஒரு கொறையா சில பேரு வெளிய பேசினாங்க. இப்ப பாருங்க, தொடாம இருக்கிறதுதான் உயர்ந்த தொழில்நுட்பம்னு பிரதாப் தம்பி நிரூபிக்கப் போறாரு."

எல்லோரும் கை தட்டினார்கள். பிரதாப்பும் தட்டினான். தட்டி முடித்ததும் எழுந்தான்.

"சேர், ஒரு பாதுகாப்புக்கு நான் ஒரு சீடியோட அங்கயே இருந்துக்கிறேனே" என்றான்.

"நீங்க அங்க போயிட்டா அது எப்புடித் தம்பி தொலைவாகும்?"

"அப்ப அங்க ஆரு சேர் இருப்பாங்க?"

"நாங்க."

"நீங்களா சேர்?"

"பின்ன? அந்த எடத்துக்கு ஆருமே போகலன்னு நாலு பேரு போய் நின்னு பாத்தாத்தானே சாட்சி சொல்ல முடியும்?"

இப்படியாக, கணினியிடம் எவரும் போகவில்லை என்பதை உறுதிப்படுத்துவதற்காக இரண்டு வேன் நிறைய ஆட்கள் போவது என்று தீர்மானமாயிற்று. நாள் குறிக்கவே இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்தது. கடைசியில் இருளாயியின் வெள்ளிக்கு முந்திய புதன்கிழமை அமைந்தது. சட்ட அலுவலர் கேஷானி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தகவலைத் தாங்கிச் செல்லக்கூடிய எந்தப் பொருளும் பௌதிக ஊடகம் எனக் கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. அதன்படி புதன் காலை வேன் சாரதியின் பாட்டு சீடிகளைக்கூடப் பறித்து உறையில் போட்டு முத்திரை குத்திவிட்டார்கள். பேச்சும் தகவலைத் தாங்கும் என்ற பயத்தில், பெல்மதுளை என்ற ஊரைத் தாண்டும்வரை வேனுக்குள் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம்.

பிரதாப் இரத்தினபுரி மாடியில் தனியாக, திரைக்கு முன்னால், டெலிபோனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுமுனையில் ஜீவராணி தணிந்த குரலில் நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தப்படித்து வரவேற்றார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். கணினியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அதிகாரிகள் நின்றார்கள். ஜீவராணியைக் கயிற்றுக்கும் வெளியே, வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

"இருளாயி அக்காவும் வந்துருக்காங்க சேர். பால் வெட்டிட்டு நேரா வந்துட்டாங்க. இன்னிக்கே சரியாயிருமான்னு கேக்குறாங்க."

"சொல்லுங்க, இன்னிக்கே" என்றான் பிரதாப். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் அவனுக்குக் கூசும்.

தலைவரின் பேச்சு முடிந்ததும் பிரதாப் கட்டளையைத் தட்டினான். ஹுனுகல கணினி அவன் பிடியிலிருந்து நழுவியது. இது தெரிந்ததுதான். பழைய கையை விட்டுவிட்டு, புதிய கையைப் பிடிக்குமுன் கொஞ்ச நேரம் அது யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். அவன் காத்திருந்தான். கூப்பிட்டுப் பார்த்தான், பதில் இல்லை. இன்னும் காத்திருந்தான். தனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் இரண்டு சுற்று கூப்பிட்டுவிட்டான்.

"சேர், நீலமா ஒண்ணு வந்து நிக்குது. ஏதோ இங்கிலீஷ்ல கேக்குது."

"எழுத்தெழுத்தாப் படிங்க."

ஜீவராணி வாசலிலிருந்து எட்டி எட்டிப் படித்தாள். இந்தக் கணினியில் இரண்டு நெட்வர்க் கார்டுகள் உள்ளன, இவற்றில் எது முதன்மையானது என்று கேட்டது. முதல் கார்டின்மேல் சிவப்புக் கோடு நின்றது. அதுதான் சரியான கார்டும். என்டரைத் தட்டினால் போதும்.

இரண்டாவது கார்ட் எப்படி வந்தது? ஆண்டு முடிவில் மிஞ்சிய ஒதுக்கீட்டைத் தீர்ப்பதற்காக அதிகாரசபை எல்லாக் கணினிக்கும் இன்னொரு கார்ட் வாங்கியது. அதை முறுக்கிப் பூட்டிய கை யாருடையது? பிரதாப்பின் கைதான். இந்தக் கேள்விக்கான விடையை முன்கூட்டியே கோப்பில் எழுதி வைத்திருக்கலாம். முன்மொழிவுக்கு மூன்று நாள் வசனம் தேடியவன், இதை மறந்துபோனான்.

"ஜீவராணி, என்டரத் தட்டுங்க. ஒரே ஒரு தட்டு."

"கயித்துக்கு உள்ள போகக் கூடாதாம் சேர்."

"தலைவர்கிட்டக் குடுங்க."

ராஜதுரையின் குரல் மகிழ்ச்சியாக இருந்தது. "தம்பி, ரொம்ப நல்லாப் போகுது. அந்த நீலம் என்னா எடுப்பு!"

"சேர், அது ஒரு கேள்வி கேக்குது. ஆராச்சும் என்டரத் தட்டணும்."

"தட்டறதுன்னா?"

"விரலால சேர்."

மறுமுனையில் தப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னார்கள். விரல் ஓர் ஊடகமா என்ற பிரச்சினை அந்தப் பிள்ளைக் காம்பராவில் அப்போது எழுந்தது. கேஷானி சுற்றறிக்கையை எடுத்து விரித்தார்.

"தகவலத் தாங்கிப் போற எந்தப் பொருளும் ஊடகம்னு இருக்கு சேர். விரலால தட்டினா 'சரி'ங்கிற தகவல் உள்ள போகுது. அப்ப விரல் ஊடகந்தான்."

"முழங்கையால தட்டலாமா மிஸ்?" என்று யாரோ கேட்டார்கள்.

"மனிதக் கை படாதுன்னு இருக்கு. முழங்கை கையில சேத்தியா இல்லியான்னு நான் எழுதிக் கேட்டுத்தான் சொல்லணும்."

தொழிலாளர் லயத்தில் திரியும் பூனையைத் தூக்கி மேசையில் விடலாம் என்று இன்னொருவர் சொன்னார். அதற்கு வேறோர் அமைச்சின் அனுமதி வேண்டும் என்று அந்த யோசனையும் விழுந்தது. இதற்கிடையில் சோற்றுப் பார்சல்கள் பிரிக்கப்பட்டன. தட்டுவதற்குக் கூடாத விரல்களெல்லாம் சோறு பிசைந்தன.

பிரதாப் டெலிபோனில் கெஞ்சினான். "சேர், நானே சொல்றேன், அந்த வசனத்த விட்டுருங்க. தட்டிருங்க சேர்."

"அப்புடிச் சொல்லாதீங்க தம்பி. மனிதக் கை படாதுன்னு நீங்க எழுதினது பொன்னான வசனம். அத நாங்க கெடுக்க மாட்டோம்."

அன்று பின்னேரம் திட்டம் வெற்றி என்று அறிவித்தார்கள். பௌதிக ஊடகம் எதுவும் பயன்படவில்லை, மனிதக் கையும் படவில்லை. சொன்னதெல்லாம் நடந்திருந்தது. லினக்ஸ் உள்ளே போயிற்றா என்பது இரண்டாம் கட்டம். வெளியூர்ப் பிரமுகர்கள் வந்து பார்ப்பதற்காக, கேள்வி நீலமாக நிற்கும் கணினியை அப்படியே வைத்து, அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இரத்தினபுரிக்குத் திரும்பியதும் ராஜதுரை பிரதாப்பின் கழுத்தில் ஒரு மாலை போட்டார். "ஒங்க நியமனத்த நிரந்தரமாக்க நான் கையெழுத்து வைக்கிறேன், சரிதானே?" என்றார். பிரதாப்புக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன், கையிலிருந்த வடை தீரும்வரை நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பிறகு ஜீவராணியின் அழைப்பு வந்தது.

"அக்கா இன்னும் வாசல்லதான் சேர் நிக்குறாங்க. என்னா சொல்றது?"

வியாழக்கிழமை பிரதாப் வயிற்று வலி என்று லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினான். பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடந்தது. ஜன்னலில் கம்பி போட்டிருந்தது, ஆனால் ஜன்னலுக்குக் கதவு இல்லை. மேசை கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. உள்ளே நீலத்திரை அதே கேள்வியோடு நின்றது.

இருளாயி வந்து பக்கத்தில் நின்றாள். "என்னா தம்பி கேக்குது அந்தப் பொட்டி?"

"ரெண்டு கார்டு இருக்கு, மொதலாவதுதான், சரியான்னு கேக்குதுங்க."

"சரின்னு சொல்லவா நேத்து அத்தன பேரு வந்தும் முடியல?"

பிரதாப் வேலியிலிருந்து ஒரு நீளக் கொய்யாக் கம்பை ஒடித்தான். ஜீவராணி பால் வாளி ஒன்றைக் கவிழ்த்து வைத்தாள். தகவல் ஒளி அதிகாரசபையின் தொழில்நுட்ப அலுவலர், நிரந்தரமாகப் போகிறவர், வாளிமேல் ஏறி, கம்பிக்கு நடுவில் கையை விட்டு, கம்பு நுனியால் கணினியைக் குத்தத் தொடங்கினார். முதல் குத்து மேசையில் விழுந்தது. இரண்டாவது குத்தில் சிவப்புக் கோடு இரண்டாம் கார்டுக்கு இறங்கிவிட்டது. அதை மறுபடி மேலே ஏற்றுவதற்குள் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. கீழே நின்று வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த இருளாயி, "பதறாதீங்க, மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கம்பு என்டரில் இறங்கியது. நீலம் கலைந்து வரிகள் ஓடின.

"ஆயிருச்சா?"

"ஆயிருச்சுங்க. இனி நான் இரத்தினபுரிக்குப் போகணும்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"தூரத்துலேருந்துதாங்க இது வேல செய்யும். அங்க போய்த்தான் மிச்சத்தச் செய்யணும்."

இருளாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவளே அவனை முன்னால் விட்டுக் குறுக்குப் பாதையில் கூட்டிப்போனாள். நல்ல கால்களோடு, அவனைவிட வேகமாக நடந்தாள்.

மாலையில் மாடிக்கு வந்து கூப்பிட்டான். ஹுனுகல பதில் சொன்னது. பிரதாப் லினக்ஸைப் போட்டான். ஒரு பிழை இல்லை. முகம் பார்த்துப் பேசும் மென்பொருளையும் போட்டான். ஆளில்லாத அலுவலகத்தில் தன்னந்தனியாகக் கை தட்டினான். சந்தோஷம் தாங்காமல் ராஜதுரைக்கும் டெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டான். கம்பு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டான்.

"இரண்டாம் கட்டமும் வெற்றியா? நாளைக்கே தெறந்துருவோம்" என்றார் ராஜதுரை.

வெள்ளிக்கிழமை மறுபடி இரண்டு வேன்கள் போயின. இந்த முறை பிரதாப்பையும் பார்வையாளராக ஏற்றிக்கொண்டார்கள். இருளாயி ஊதாச் சேலை கட்டி, பூ வைத்து, அந்தச் சின்ன அறையில் கதவுக்கும் சுவருக்கும் இடையில் நடந்து நடந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி அடித்தது. திரையில் புஷ்பம் வந்தாள். அவள் முகம் முன்னெப்போதும் அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. மூக்குத்திகூடத் தெரிந்தது.

"அம்மா! எங்கம்மா நீ? இருட்டா இருக்கே."

"இந்தா நிக்கிறேன் பாரு."

"இருட்டா இருக்கும்மா. ஒண்ணும் தெரியல."

பிரதாப் கெமராவைப் பார்த்தான். அதன் விளக்கு எரியவில்லை. கழற்றி மாட்டினான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்தக் கெமராவை லினக்ஸுக்குத் தெரியாது. செய்த கம்பனி லினக்ஸுக்கு என்று எதுவும் எழுதவில்லை. ஒரு நிமிடம் தேடியிருந்தால் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும். வைரஸ் விழுந்த பழைய பொட்டி இழுத்து இழுத்தாவது இருளாயியைக் காட்டியிருக்கும். அவன் புதிதாக்கிய கணினி எல்லாவற்றையும் செய்தது, அவளைக் காட்டுவதை மட்டும் செய்யவில்லை. அவன் கெமராவை மறுபடியும் ஒருமுறை கழற்றி மாட்டினான்.

இருளாயிக்கு அந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் தொம் தொம் என்று மிதித்தாள். "கேக்குதா? இது வலது. இது எடது. ரெண்டுஞ் சத்தம் கேக்குதா?"

"ஆராச்சும் பக்கத்துல நின்னு மிதிப்பாங்க" என்று புஷ்பம் விசும்பினாள்.

ராஜதுரையால் பொறுக்க முடியவில்லை. கயிற்றைத் தாண்டி வந்து மைக்குக்குக் குனிந்தார். "மகள், நான் அதிகாரசபைத் தலைவர் பேசுறேன். ஒங்க அம்மாவுக்கு ரெண்டு காலும் இருக்குதுங்கிறத நான் உத்தியோகபூர்வமா உறுதிப்படுத்துறேன். சட்ட அலுவலரும் சாட்சி."

புஷ்பத்தின் முகம் வெளிறியது. "பெரிய ஆளுங்கல்லாம் வந்து நிக்கிறாங்களா? அப்புடின்னா போனது காலு மட்டும் இல்லியா? அம்மா, நீ உசுரோடதான் இருக்கியா?"

"அடியே, நான்தான்டி பேசுறேன்!" என்று இருளாயி கத்தினாள். அதற்குள் திரையில் இருந்தவள் எழுந்து போய்விட்டாள். காலி நாற்காலி மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்த மாதம் புஷ்பம் வந்து சேர்ந்தாள். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, கடன்பட்ட டிக்கெட்டில் வந்தாள். எங்கள் நிலையத்தின் சேவையால் கடல்கடந்து போன ஒரு பெண் தாயகம் திரும்பினாள் என்று அதிகாரசபையின் ஆண்டறிக்கையில் ஒரு பந்தி ஏறியது. அந்தப் பந்தியை எழுதச் சொன்னது பிரதாப்பிடம்தான். எழுதினான். நன்றாகவே வந்திருந்தது.

அவள் வந்த அன்று கஹவத்தை பஸ் நிலையத்தில் அவனும் போய் நின்றான். யாரும் கூப்பிடவில்லை, போகாமல் இருக்க முடியவில்லை. பெட்டியையாவது தூக்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தான். புஷ்பம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தோள் பையைக்கூடக் கழற்றவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில் தரையில் குந்தி, தாயின் இரண்டு கால்களையும் முழங்காலிலிருந்து பாதம்வரை தடவிப் பார்த்தாள். வலதைப் பார்த்தாள், இடதைப் பார்த்தாள், மறுபடி வலதைப் பார்த்தாள்.

"ரெண்டும் இருக்குடி பாவி. இதுக்கா வந்த? எட்டு மாசத்தப் போட்டு ஒடச்சிட்டு இதுக்கா வந்த?" என்று இருளாயி அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அடித்த கையாலேயே அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். பிரதாப்புக்கும் கண் கலங்கியது. பெட்டியை எடுப்பதா, ஓடிவிடுவதா என்று தெரியாமல் நின்றான்.

கொஞ்சம் ஆறிய பிறகு ஜீவராணி அவனைக் காட்டி ஏதோ சொன்னாள். புஷ்பம் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நீங்கதானா அந்தக் கம்பியூட்டர் சேர்?"

"ஆமாங்க."

"இப்ப எப்புடி இருக்கு அந்தப் பொட்டி?"

மன்னிச்சுக்குங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"ரொம்ப நல்லா ஓடுதுங்க. வைரஸே கெடையாது" என்றான்.